ஹாலந்துக்காரரின் பெரியப்பா

கடைசி வெங்காயத்தை வாதுமைத் துவையலில் தோய்த்து, தலையை அண்ணாந்து, வாய்க்குள் மெல்ல இறக்கி முடித்தபோது அந்த ஹாலந்துக்காரருக்கு ஊர்க் கல்லறையில் ஒரு பெரியப்பா கிடைத்துவிட்டார்.

“எங்க பெரியப்பா இருந்திருந்தா வெங்காயத்த இப்படிக் கருக்க விட்டிருப்பாரா?” என்று கேட்டபடி அவர் எழுந்தார். கேட்டது காத்தலான் மொழியில், அதுவும் மலையடிவாரத்துக் கிழவர்களின் இழுவையோடு. சற்று முன்னால்தான் ‘நன்றி’ என்பதற்கு அந்த மொழியில் என்ன சொல்ல வேண்டும் என்று பரிமாறியவனிடம் கேட்டு, தப்பும் தவறுமாகச் சொல்லிப் பார்த்துச் சிரித்திருந்தார். வெங்காயப் படம் போட்ட கழுத்துத் துணி இன்னும் நெஞ்சில் தொங்கிக்கொண்டிருக்க, ஜன்னல் வழியே சுற்றுலாப் பேருந்து ஒன்று ஆட்களை இறக்குவதைப் பார்த்து, “வந்துட்டாங்கப்பா, கேமராவத் தூக்கிக்கிட்டு” என்று பெருமூச்சு விட்டார்.

எதிரே உட்கார்ந்திருந்த அவர் மனைவி மார்யோலைன் அவர் கையைப் பிடித்தாள். அவர் அவளைப் பக்கத்து வீட்டுப் புகைபோக்கியைப் பார்ப்பதுபோலப் பார்த்து, “அந்த எலுமிச்சைக் கிளைய எப்ப வெட்டப்போற?” என்றார். அவள் கொஞ்ச நேரம் அழுதாள். அழுதுகொண்டே என்ன செய்வதென்று தெரியாமல், தன் தட்டில் மிச்சமிருந்ததையெல்லாம் சாப்பிட்டாள். உதட்டைத் துடைப்பதற்கு முன்பே அவளும் எழுந்து நின்று, மரம் தன் தாத்தா வைத்தது என்றும், இடையூறாக இருப்பது சுவர்தான் என்றும், வேண்டுமானால் அவர் சுவரை வெட்டிக்கொள்ளலாம் என்றும் அதே இழுவையில் பதில் சொன்னாள். இருவரும் சண்டை போட்டுக்கொண்டே வாசலைத் தாண்டி, ஆளுக்கொரு பக்கமாக, வழி கேட்காமல் தங்கள் வீடுகளுக்குப் போனார்கள்.

அடுப்படியின் சிறு சாளரம் வழியாக இதைப் பார்த்துக்கொண்டிருந்த சாரநாதன், மூக்கையும் வாயையும் சேர்த்துக் கட்டியிருந்த துணிக்குள்ளிருந்து, “ஓய் தொபியாஸ், பில்லு யார் கொடுத்தா?” என்று கேட்டார்.

“பெரியப்பா கணக்குல எழுதிக்கச் சொல்லிட்டாரு சாமி” என்றான் பரிமாறிக்கொண்டிருந்த தொபியாஸ்.

சாரநாதன் கும்பகோணத்துக்குப் பக்கத்தில் ஒப்பிலியப்பன் கோயில் மடைப்பள்ளியில் தளிகை பண்ணிய வம்சம். அந்தப் பெருமாளுக்கு உப்பு ஆகாது. உப்புச் சேர்ந்த பண்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு சன்னிதி வாசலைத் தாண்டினாலே நரகம் என்று சொல்லி வளர்த்த கை அவருடையது. பெருமாளுக்கு முன்னால் சமைத்ததை நாக்கில் வைப்பதோ முகர்ந்து பார்ப்பதோ கூடாதென்று சொல்லி வளர்த்த மூக்கும் நாக்கும் அவருடையவை. கப்பலில் சமையல் வேலை என்று ஏஜெண்ட் ஒருவன் அனுப்பி, கப்பல் கிடைக்காமல் துறைமுகம் மட்டும் கிடைத்து, கடைசியில் காத்தலோனியாக் கடற்கரையில் இந்தச் சின்ன ஊரில் தொலோர்ஸ் அம்மாளின் சாப்பாட்டுக் கடையில் வந்து ஒதுங்கியபோது, வெங்காயம்கூடத் தொடாத அந்தக் கைகள் பன்றித் தொத்திறைச்சியைத் தொட்டன. அதற்கு அவர் ஒரு சமாதானம் வைத்திருந்தார். தொட்டது கை, நாக்கு தொடவில்லை. கொதிக்கும் சத்தத்தை வைத்துப் பதம் சொல்வார், ஆவியின் நிறத்தை வைத்து இறக்குவார். உப்புப் போட அவர் கை ஒருநாளும் போனதில்லை. பன்றி விஷயத்தில் பெருமாளிடம் எப்படியாவது பேசிக்கொள்ளலாம், உப்பு விஷயத்தில் பேச்சே கிடையாது என்பது அவர் துணிபு.

உப்புக்கண்டமாக மரப்பெட்டியில் வந்து இறங்கும் காட் மீனை, கடைசிக் கல் உப்பும் கரைந்து போகும்வரை தண்ணீர் மாற்றி மாற்றி ஊறப்போட்டு, பஞ்சைப் போலப் பிய்த்துத் தட்டில் வைப்பார். தக்காளி தேய்த்த ரொட்டி, தணலில் கருக்கிய நீள வெங்காயம், வாதுமையும் வாட்டிய மிளகாயும் அரைத்த துவையல், வெள்ளை மொச்சையும் தொத்திறைச்சியும், மேலே சர்க்கரையைத் தீய்த்த பால்கூழ் எல்லாம் சேர்ந்தது ‘பாரம்பரியச் சுவைத்தட்டு’ என்று வாசல் பலகையில் எழுதியிருந்தது. வந்தவர்கள் தட்டைப் பார்ப்பார்கள், படம் பிடிப்பார்கள், ஓரத்தில் கொஞ்சம் கிள்ளிவிட்டு அப்படியே வைத்துவிட்டுப் போவார்கள். சாரநாதனுக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை. பெருமாளும் அப்படித்தான், கண்ணாலேயே சாப்பிட்டுவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவார்.

“சாமி, ஒண்ணுலயும் உப்பில்ல” என்று வேலைக்குச் சேர்ந்த புதிதில் தொபியாஸ் சொல்லியிருந்தான். தொபியாஸ் மச்சாடோ தூத்துக்குடிக்காரன். ஆனால் அதற்குள் யாரோ ஒரு பயணி, முன்னோர்களின் அடக்கமான சுவை, உப்பின் அகங்காரம் துளியும் இல்லை என்று இணையத்தில் எழுதிவிட்டிருந்தார். அதைப் படித்த தொலோர்ஸ் அம்மாள் அன்றே மேசைகளிலிருந்து உப்புக் குப்பிகளை எடுத்து அலமாரியில் பூட்டிவிட்டாள். அவள் தன் கடையில் ஒருநாளும் சாப்பிட்டதில்லை.

பெரியப்பா கிடைத்த செய்தி மறுநாள் ஊருக்குள் பரவியபோது யாரும் அதிசயப்படவில்லை. அதிசயப்படுவதற்கு ஊரில் ஆள் இல்லை என்பதும் ஒரு காரணம். கடலைப் பார்த்த வீடுகளையெல்லாம் பயணிகளுக்கு நாள் வாடகைக்கு விட்டுவிட்டு, பழைய குடும்பங்கள் ரயில் பாதைக்கு அப்பால் அடுக்குமாடிகளுக்குப் போய்விட்டிருந்தன. திருவிழாவில் மனிதக் கோபுரம் கட்ட அடியில் தோள் கொடுக்க ஆளில்லாமல், மூன்று அடுக்கு எழும்பியதுமே எல்லோரும் கைதட்டிவிட்டுக் கலைந்துகொண்டிருந்தார்கள். தேவாலயப் பாடகர் குழுவில் இருந்தது ஒரே ஒரு குரல், அதற்கும் ஆஸ்துமா. ஆகவே, ஹாலந்துக்காரரைத் தொடர்ந்து, தட்டை மிச்சம் வைக்காமல் சாப்பிட்ட நார்வேக்காரர்கள் நால்வருக்கும், பெல்ஜியத்துப் பல் மருத்துவருக்கும், தேன்நிலவுக்கு வந்த கொரியத் தம்பதிக்கும் வரிசையாகப் பெரியப்பாக்களும் அத்தைகளும் கிடைக்கத் தொடங்கியபோது, மேயர் கசிமீர் தொலோர்ஸ் அம்மாளை ஊராட்சி அலுவலகத்துக்கு அழைத்து, தட்டில் இன்னும் கொஞ்சம் தாராளமாக வைக்கும்படி கேட்டுக்கொண்டார்.

அந்த வசந்தத்தில் ஊர் நிரம்பியது. தலைமுறைகளாகப் பெயர் அழிந்து கிடந்த கல்லறை மாடங்களுக்கெல்லாம் பூ வந்தது, ஒரே மாடத்துக்கு இரண்டு வாரிசுகள் வந்து அடித்துக்கொண்டார்கள். நார்வேக்காரர்களின் தோள்மேல் கோபுரம் ஏழு அடுக்கு ஏறியது. பாடகர் குழுவுக்கு அடிக்குரல் கிடைத்தது. இந்தத் தட்டில் ஏதோ கோளாறு இருக்கிறது என்று யாரோ எழுதிப்போட, தலைநகரிலிருந்து சுகாதார ஆய்வாளர் ஒருவர் கறாராக வந்து, மாதிரி எடுத்து, கடமை உணர்ச்சியோடு முழுத்தட்டையும் சாப்பிட்டார். அவர் இப்போது மேற்குச் சரிவில் ஆடு மேய்க்கிறார். அவரது அறிக்கை இன்றுவரை தலைநகருக்குப் போய்ச் சேரவில்லை.

ஒரே ஒருத்திக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. ஆங்கிலேயக் கிழவி ஒருத்தி முதல் வாய் ரொட்டியைக் கடித்ததும் முகத்தைச் சுளித்து, கைப்பையிலிருந்து விரலளவு உப்புக் குப்பி ஒன்றை எடுத்து எல்லாவற்றின் மேலும் தட்டிக்கொண்டு, தட்டை வழித்துச் சாப்பிட்டு, ஏப்பம் விட்டு, வந்த பேருந்திலேயே ஏறிப் போய்விட்டாள். அதை யாரும் பொருட்படுத்தவில்லை. அவளுக்கு இந்த ஊரில் வேர் இல்லை என்றார் மேயர்.

தொபியாஸ் மட்டும் அதைக் கவனித்திருந்தான். ஹாலந்துக்காரர் எழுந்த நாளிலிருந்து அவன் கடைச் சாப்பாட்டைத் தொடவில்லை. சாரநாதன் தனக்காகக் கொண்டுவரும் தயிர்சாதத்தில் பாதியை அவன் எடுத்துக்கொள்வான். பதிலுக்கு எலுமிச்சை ஊறுகாய் அவன் போட்டது. காட் மீன் பெட்டியில் உதிர்ந்து கிடக்கும் கல்லுப்பைக் கூட்டி அள்ளித்தான் அந்த ஊறுகாயைப் போட்டான். இதைச் சாரநாதனிடம் அவன் சொல்லவில்லை.

புதிய ஊர்க்காரர்கள் தொபியாஸை ஒருநாளும் சந்தேகித்ததில்லை. மச்சாடோ என்ற பெயரைக் கேட்டதுமே அவன் முதுகைத் தட்டினார்கள். நீண்ட மூக்கு வைத்த கண்ணாடிக் குடுவையை உயரத் தூக்கி, உதட்டில் படாமல், ஒரு சொட்டு சிந்தாமல் அவன் திராட்சை ரசம் குடித்துக் காட்டும்போது, “ரத்தத்தில் இருக்கணும்” என்று சொல்லிக்கொண்டார்கள்.

“பேரு, முத்துக்காக வந்த பறங்கிக்காரன் எங்க ஊர்ல விட்டுட்டுப் போனது” என்றான் தொபியாஸ் சாரநாதனிடம். “குடிக்கது, எச்சி படாம சொம்புத் தண்ணி குடிக்கச் சொல்லி எங்கம்மா முதுகுல போட்ட அடி. இவனுவ ரத்தம்ங்கான்.”

கோடை முடிவதற்குள் ஊரில் பயணிகளைவிட ஊர்க்காரர்கள் அதிகமாகிவிட்டார்கள். ஹாலந்துக்காரர் இப்போது பாஸ்குவல். அவரது பழைய மனைவி எங்க்ராசியா. சுவர்ச் சண்டை நீதிமன்றம் வரை போயிருந்தது. பாஸ்குவலின் தலைமையில் ஒரு பாரம்பரியக் காப்புக் குழு அமைந்தது. குழு முதலில் சுவர்களில் ‘பயணிகளே, வீட்டுக்குப் போங்கள்’ என்று எழுதியது. பிறகு, பெரியப்பாக்களின் வீடுகளை வாடகைக்கு விட்டிருந்தவர்களிடம் சாவியைக் கேட்டது. பயணிகள் வரத்துக் குறைந்து, திட்டுவதற்கு ஆள் போதாமல் போனபோது, தொலோர்ஸ் அம்மாளின் அடுப்படிச் சாளரத்தின் பக்கம் திரும்பியது.

“தனிப்பட்ட முறையில உங்கமேல எங்களுக்கு ஒண்ணும் இல்ல” என்றார் பாஸ்குவல். குழு முழுவதும் அடுப்படியில் நெருக்கியடித்து நின்றது. “நீங்க நல்ல மனுஷன், சுத்தமா இருக்கீங்க. ஆனா இது எங்க முன்னோர் சாப்பாடு. வெளியாள் கை பட்டா அது கெட்டுப்போகும். போன வருஷம் மாதிரி இந்த வருஷம் இல்லன்னு எல்லாருமே சொல்றாங்க.”

போன வருஷம் நீங்கள் ராட்டர்டாமில் அல்லவா இருந்தீர்கள் என்று சாரநாதன் கேட்கவில்லை. அவருடைய தங்கும் அனுமதி இந்த வேலையில் தொங்கிக்கொண்டிருந்தது. வேலை தொலோர்ஸ் அம்மாளின் தலையசைப்பில் தொங்கிக்கொண்டிருந்தது. தொலோர்ஸ் அம்மாள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய அம்மா தெற்கே ஆந்தலூசியாவிலிருந்து மூட்டையோடு வந்து இறங்கியவள் என்பது ஊரில் பழைய ஆட்களுக்குத் தெரியும். பழைய ஆட்கள் ரயில் பாதைக்கு அப்பால் இருந்தார்கள்.

“ஒரு தட்டு வெங்காயம்தானே” என்றாள் அவள். “வெங்காயத் திருவிழா அன்னிக்குச் சதுக்கத்துல எல்லார் முன்னாலயும் சாப்பிட்டுடுங்க. அப்புறம் நீங்களும் நம்ம ஆளு. யார் என்ன சொல்ல முடியும்?”

சாப்பிடாவிட்டால் என்ன என்று யாரும் சொல்லவில்லை. பாஸ்குவல் மட்டும் பேருந்து நிலையம் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதைப் பொதுவாக நினைவூட்டினார்.

அவர்கள் போனபின் கடைத் தொலைபேசி அடித்தது. உச்சிப்பொழுதில் அது தினமும் அடிக்கும். ஹாலந்தின் யுத்ரெக்ட் நகரத்திலிருந்து ஒரு பெண், வளர்ந்த பெண், அப்பாவும் அம்மாவும் அங்கே இருக்கிறார்களா என்று கேட்பாள். ஆரம்பத்தில் தொபியாஸ் பாஸ்குவலைக் கூப்பிட்டுக் கொடுத்துப் பார்த்திருக்கிறான். அவர் காதில் வைத்துக் கேட்டுவிட்டு, “யாரோ வெளிநாட்டுக்காரி, அழுவுறா” என்று திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார்.

சாரநாதனின் சட்டைப்பையிலும் ஒரு போன் தினமும் அடிக்கும். ஊரில் குமுதவல்லி அந்தி விளக்கை ஏற்றிவிட்டுக் கூப்பிடுவாள். “ஏன்னா, சாப்டேளா?” என்பாள். “ஆச்சு” என்பார் அவர். சைவ ஓட்டலில் வேலை என்று சொல்லி வைத்திருந்தார். அன்றும் அவள் வழக்கம்போலக் கேட்டாள். திருவிழாவுக்கு மறுநாள் இதே குரல் இதையே கேட்கும். அவர் காதில் வைத்துக் கேட்டுவிட்டு, யாரோ வெளிநாட்டுக்காரி என்று தொபியாஸிடம் நீட்டுவார்.

“போயிடலாம்னு பாக்கறேன்காணும்” என்றார் தொபியாஸிடம். “கையில ஒண்ணுமில்லாம போய் நிக்கறதுதான்... அவ என்னைத் தெரிஞ்சிண்டாப் போறும். எனக்கு அவளைத் தெரிஞ்சாப் போறும்.”

“எதுக்குச் சாமி போணும்? அந்த இங்கிலீஷ் கிழவி திங்கலையா? ஏப்பம் விட்டுட்டுல்லா பஸ் ஏறுனா?”

“அவளுக்கென்ன?”

“அவ உப்புப் போட்டுத் தின்னா.” தொபியாஸ் காட் மீன் பெட்டியைக் காலால் நகர்த்தினான். அடியில் கல்லுப்பு சரசரத்தது. “சோத்துல உப்புப் போட்டுத் திங்கவனுக்குத்தான் சாமி ரோசம் இருக்கும். பெத்த மவ அழுவுதா, யாரோங்கான். ஆக்கிப் போட்ட மனுசன அவன் அடுப்படியிலயே நின்னு வெளியாளுங்கான். உப்பத் தின்னவனுக்கு இந்த நாக்கு வருமா? இதே சோத்துல உப்பச் சேத்துக் குடுத்தா இப்பக்கூட அவனுக்கு மவளத் தெரியும்.”

“உப்பா? நானா? சிவசிவா” என்று சொல்லிவிட்டு, சொன்னது தப்பான சாமியின் பெயர் என்று உறைத்து, சாரநாதன் இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டார்.

“நீரு தினம் நக்குத ஊறுகாய்ல என்ன இருக்குன்னு நெனச்சீரு? அந்தப் பெட்டி உப்புதான்.”

சாரநாதன் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு, “கருவாட்டு உப்பா?” என்றார்.

“கருவாட்டு உப்புதான்.”

“நன்னாத்தான் இருந்தது” என்றார் அவர், தனக்குள்.

திருவிழா அன்று நடுப்பகலில் சதுக்கம் முழுக்க நீள மேசைகள் போட்டிருந்தார்கள். மனிதக் கோபுரத்துக்கு நார்வேக்காரர்கள் இடுப்பில் கறுப்புத் துணி சுற்றிக்கொண்டு நின்றார்கள். சடங்கு முடிந்ததும் ஊர் முழுவதும் சேர்ந்து சாப்பிடுவதற்காகக் கடை அடுப்பில் பெரிய அண்டாவில் மொச்சையும் தொத்திறைச்சியும் கொதித்துக்கொண்டிருந்தன. மேடையில் ஒற்றை நாற்காலி. அதில் சாரநாதன், நெஞ்சில் வெங்காயப் படம் போட்ட துணியோடு. முன்னால் தட்டுக்குப் பதில் கூரை ஓட்டின்மேல் செய்தித்தாளில் சுற்றிய கருகிய வெங்காயங்கள், பக்கத்தில் துவையல் கிண்ணம். எல்லாம் அவர் சமைத்தவைதான்.

மேயர் பேசினார். பாஸ்குவல் பேசினார். சாரநாதன் மடியிலிருந்த காகிதப் பொட்டலத்தைக் கழுத்துத் துணிக்கு அடியில் பிரித்து, கல்லுப்பில் ஒரு சிட்டிகை எடுத்து, கிண்ணத்தின் மேல் கையை ஒரு சுற்றுச் சுற்றினார்.

“அவர் நாட்டுப் பிரார்த்தனை” என்று கூட்டத்தில் யாரோ பரிவோடு சொன்னார்கள். “பாவம், கடைசித் தடவை.”

வெங்காயத்தின் கருகிய தோலை உருவி, தோய்த்து, தலையை அண்ணாந்து இறக்கினார். இரண்டாவது. மூன்றாவது. கண்ணை மூடிக்கொண்டே தின்றார். மூடிய கண்ணுக்குள் குமுதவல்லி என்று சொல்லிப் பார்த்தார், இருந்தாள். வாசல் வேப்பமரம் என்று சொல்லிப் பார்த்தார், இருந்தது. பெருமாளே என்று கூப்பிடப் பயந்து, அதை மட்டும் விட்டுவிட்டார். ஓட்டில் செய்தித்தாள் மட்டும் மிஞ்சியபோது கண்ணைத் திறந்தார்.

சதுக்கம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. அவர் என்ன சொல்லவேண்டும் என்று தொபியாஸோடு பேசிவைத்திருந்தாரோ அது மறந்துபோயிருந்தது. மேடைக்குக் கீழே தொபியாஸ் முகத்தைச் சுளித்து, உதட்டைப் பிதுக்கி, ஏதாவது குறை சொல்லும் என்று சாடை காட்டிக்கொண்டிருந்தான். கடைக்குச் சமைத்ததை முதல்தடவையாகச் சாப்பிட்டிருந்த சாரநாதன் வாயில் வந்த உண்மையைச் சொன்னார்.

“உப்பு போதலை” என்றார்.

கூட்டத்தில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு நார்வேக்காரர்களில் ஒருவர், “எங்க அத்தையும் இதையேதான் சொல்லுவா!” என்று கத்தினார். எங்க்ராசியா விசும்பினாள். பாஸ்குவல் மேடையில் ஏறிச் சாரநாதனை இறுகக் கட்டிக்கொண்டு, கண்ணைத் துடைத்தபடி, “அந்தக் காலத்துல உப்பு உப்பா இருந்துச்சு” என்றார். கூட்டம் ஆர்ப்பரித்தது. வெளியாள் என்றால் ருசியாக இருக்கிறது என்றல்லவா சொல்லியிருப்பான்! மேயர் அங்கேயே அவருக்கு வலேரி என்று பெயர் வைத்தார். பெயர் அழிந்த மாடங்களில் மிச்சமிருந்த கடைசி மாடம் அவருடைய பெரியப்பாவுடையது என்று முடிவாயிற்று. பெரியப்பாவும் சமையல்காரர்தான் என்று எங்க்ராசியாவுக்கு நினைவு வந்தது.

மேளம் முழங்கியது. நார்வேத் தோள்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ள, கோபுரம் எழும்பத் தொடங்கியது. எல்லாத் தலைகளும் அண்ணாந்தன. சாரநாதன் கழுத்துத் துணியை அவிழ்த்து மடித்து நாற்காலியில் வைத்துவிட்டு, மொச்சை அடிப்பிடிக்கும் என்று யாரிடமோ சொல்லிக்கொண்டு கடைக்குள் போனார்.

சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. இன்று சீக்கிரம்.

“ஏன்னா, சாப்டேளா?”

“சாப்டேன்” என்றார். “நீ சாப்டியா?”

அவள் திகைத்துப்போய், “என்ன புதுசா?” என்றாள். பிறகு கத்தரிக்காய் விலையைச் சொல்ல ஆரம்பித்தாள். அவள் சொல்லி முடிக்கும்வரை கேட்டுவிட்டுப் போனை வைத்தார்.

வெளியே நாலாவது அடுக்கு ஏறிக்கொண்டிருந்தது. கடைத் தொலைபேசி அடித்தது. யுத்ரெக்ட் பெண்ணாக இருக்கும். எடுக்க ஆளில்லாமல் அது அடித்து, நின்று, மறுபடி அடித்தது. தொபியாஸ் உள்ளே ஓடிவந்து தட்டு அடுக்கைத் தூக்கிக்கொண்டு, “சாமி, அஞ்சாவது ஏறிட்டான், இப்ப எல்லாம் பசின்னு வந்து உக்காருவானுவ, சீக்கிரம்” என்று சொல்லிக்கொண்டே வெளியே ஓடினான்.

சாரநாதன் துணியை எடுத்து மூக்கையும் வாயையும் சேர்த்துக் கட்டிக்கொண்டார். அண்டாவின் மூடியைத் திறந்தார். குனிந்து, காட் மீன் பெட்டியின் அடியில் கைவிட்டு, ஒரு கை நிறைய அள்ளினார். ஆவிக்கு மேல் அந்தக் கை கொஞ்ச நேரம் மூடியபடியே நின்றது. பிறகு விரித்தார். இன்னொரு கையும் அள்ளிப் போட்டு, ஒரு கிளறு கிளறி, மூடியைச் சாத்தினார்.